நாம் தின்பதையே தின்னும் கிளி

"நாம சாப்பிடுறதத்தான் தம்பி இதுவும் சாப்பிடுது." பசுமலையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய தாயார் பெருமிதத்தோடு சொன்ன வாக்கியம் இது. கூடத்தில் கூண்டு. கூண்டுக்குள் பச்சைக்கிளி. கிண்ணத்தில் தேநீரில் நனைத்த பிஸ்கட்டும் கொஞ்சம் மிக்சரும். கூண்டுக்கு நேர் மேலே நண்பரின் புத்தக அலமாரி, உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அதில் இருக்கிறது. அந்த அலமாரிக்கும் கூண்டுக்கும் இடையில் கிடந்த இரண்டடி தூரம்தான் என்னை இதை எழுதவைக்கிறது.

குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை காட்டும் கிளி வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. பொற்காசை நூலில் கோக்க எடுத்துப் பிடிக்கும் விரல்நகத்தை அது நினைவூட்டுகிறது என்ற உவமையைச் சிலாகித்து நம்மில் எத்தனையோ பேர் எழுதியாயிற்று. கிளி எதை உண்ணும் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவரின் சாட்சியமாக அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. குறிஞ்சிப் பாடல்களில் பெண்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முற்றும் கதிரைக் கிளி விடாது. கதிர், வேம்பு, அத்தி, கொய்யா, பூ, தளிர் என்று தேடி நாள்தோறும் கிலோமீட்டர் கணக்கில் பறப்பதே அதன் உணவுமுறை. பறத்தலையும் உணவின் ஒரு பகுதி என்றே சொல்லவேண்டும்.

இனி அந்தக் கிண்ணத்துக்கு வருவோம். பாலைச் செரிக்கப் போதிய நொதி பறவைக்கு இல்லை. செல்லமாக ஊட்டப்படும் பால்சோறு கழிச்சலில் முடியும். நூறு கிராமைச் சற்றே தாண்டும் ஓர் உடலுக்கு மிக்சரின் உப்பு எத்தனை பெரிய சுமை என்று கணக்கிட்டுப் பாருங்கள். காஃபீனும் சாக்லேட்டும் நஞ்சு, அவகாடோவும் அப்படியே. "நான் அதெல்லாம் கொடுப்பதில்லை, சூரியகாந்தி விதை மட்டும்தான்" என்று நிம்மதி கொள்பவர்களும் இருக்கிறார்கள். தோல் நீக்கிய அந்தப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ அநேகமாக இல்லை, சுண்ணாம்புச்சத்து குறைவு. பறக்காத கிளி அதை மட்டுமே தின்றுகொண்டிருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறுகிறது. வைட்டமின் ஏ குறையக் குறைய வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்தோல் தடித்து, வெண்படலம் கட்டி, தொற்றுக்கு வழி திறக்கிறது.

எனக்கு இது வெறும் ஏட்டறிவு அல்ல. 1980களில் எங்கள் வீட்டிலும் ஒரு கிளி இருந்தது. நெல், பால்சோறு, வேறொன்றும் இல்லை. ஆறாவது வருடம் மூக்கில் நீர் வடிந்தது, வாயில் வெள்ளை படிந்தது, பிறகு குரல் நின்றது. கண்ணேறு என்று அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார். நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பறவை அது என்பதை வெகுகாலம் கழித்தே படித்தேன்.

மிளகாய் என்றதும் நினைவு வருகிறது. காரம் தின்றால் கிளி பேசும் என்பது கட்டுக்கதை. பறவைகளுக்கு மிளகாய் உறைப்பதே இல்லை. ஆனால் பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் உண்டு. அப்பத்தா அதைச் சுற்றிப் போட்டதற்குப் பதில் கிண்ணத்தில் போட்டிருக்கலாம்.

இப்படி எழுதினால் உடனே மீனாட்சியின் கைக்கிளியைக் காட்டுவார்கள், கிளி வளர்ப்பது மதுரையின் மரபு என்பார்கள். அன்னையின் கையில் இருக்கும் கிளிக்குக் கூண்டு இல்லை. கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகள் இருந்தன. இன்று பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். இலக்கியவாதி வீட்டுக்கு ஏற்ற கிளி அதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது, தீனி கேட்காது.

"சரி, நல்ல உணவாகவே கொடுத்து வளர்க்கிறோம்" என்றால்? பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்புக் கிளிகளை ஒப்படைக்கும்படி 2023 ஜூலையில் மதுரை வனத்துறை அறிவித்தது. அதற்காக மொட்டைமாடியில் நின்று கூண்டைத் திறந்துவிடாதீர்கள். கூண்டில் வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, பூனைக்குத் தப்பவும் தெரியாது. ஒப்படைக்கும் நாள்வரை அதற்கு முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, கோவைப்பழம், முளைகட்டிய பச்சைப்பயறு, சுத்தமான தண்ணீர் வையுங்கள். விதை ஒரு சிட்டிகை போதும். ஆனால் பழகிய தீனியை ஒரே நாளில் நிறுத்தினால் கிளி பட்டினி கிடந்தே செத்துப்போகும். மெல்ல மெல்லத்தான் மாற்றவேண்டும். சட்டம் அனுமதிக்கும் பட்ஜெரிகர், காக்கடீல் போன்ற அயல்நாட்டுக் கிளிகளை வைத்திருப்போரும் விதை டப்பாவை மட்டும் நம்பியிராமல், உருண்டைத் தீவனத்தையும் கீரையையும் முதன்மையாக்கலாம்.

நண்பர் நேற்று தொலைபேசினார். முருங்கைக் கொத்தைக் கண்டு கிளி மூன்று நாள் அலறியதாம். நான்காம் நாள் ஈர்க்கோடு உருவித் தின்றிருக்கிறது. அடுத்த வாரம் வனத்துறை அலுவலகத்துக்குப் போகிறார். அவருடைய தாயார் இப்போது என்னோடு பேசுவதில்லை.