ஒளித்து வைத்த விடைத்தாள்

சித்தூரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் ஒரே குறைதான் காதில் விழுகிறது. "நான்காம் வகுப்புவரை நன்றாகப் படித்த பிள்ளை; இப்போது புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்." சோம்பல் என்கிறோம், கைப்பேசி என்கிறோம். என் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லுகிறேன். அதில் குற்றம் என்னுடையது.

என் மகள் ஆறாம் வகுப்புவரை கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கி வந்தாள். உறவினர் வீட்டுக் கலியாணத்திலுங்கூட, "இவளுக்குப் பிறவியிலேயே கணக்கு மூளை" என்று அவள் காதுபடச் சொல்லி மகிழ்வேன். ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்குகள் கடுமையாயின. முதல் தேர்வில் 20க்கு 7. விடைத்தாளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஏன் ஒளித்தாயென்று கேட்டேன். "எனக்கு மூளை இல்லேன்னு தெரிஞ்சிடுமேப்பா" என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இரு பெண்மணிகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துச் சோதித்து, 1998-ல் முடிவை வெளியிட்டனர். முதற் புதிர்கள் முடிந்ததும் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினர். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தனர், எல்லோரும் திணறினர். மறுபடி எளியவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் முன்னைவிடக் குறைவாகச் செய்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தனர். நான் புகழ்ச்சி என்று நினைத்து மகளின் தலையில் ஏற்றியது பெருஞ்சுமை!

நம் பிள்ளைகளுக்கு வேறொரு பாரமும் இருக்கிறது. எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து மலையாள வழியில் படிக்கிறாள். நாம் சமன்பாடு என்பதை அங்கே சமவாக்கியம் என்கிறார்கள். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை, விடை தெரியாமல் இருக்கிறதா, சொல் அகப்படாமல் இருக்கிறதா என்று நாம் விசாரிப்பதேயில்லை. அவளுடைய ஆசிரியை விசாரித்தார். "முதலில் தமிழில் சொல், பிறகு மலையாளத்தில் சொல்லலாம்" என்றாராம். அந்த அம்மையாருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் மகள் வாய் திறந்தாள்.

வீட்டில் நான் செய்தது மிகச் சிறிது. ரயில்வே இலாகாத் தேர்வுக்கு விதிப்புத்தகத்தைப் பத்துமுறை வாசித்துத் தோற்றவன் நான். மறுமுறை புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்ததை வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்துத் தேறினேன். இதன் காரணம் பின்னர்தான் விளங்கிற்று. ரோடிகர், கார்ப்பிக் என்போர் 2006-ல் கல்லூரி மாணவரிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழிந்ததும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தனர். ஆகவே இரவு உணவுக்குப் பின் மகள் புத்தகத்தை மூடிவிட்டு எனக்குப் பாடம் சொல்லுகிறாள். எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி வினவுகிறேன். பல இடங்களில் உண்மையாகவே புரிவதில்லை. அதில் அவளுக்குப் பெருமகிழ்ச்சி!

அவசரமும் இல்லாமலில்லை. எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடு பெறவேண்டுமென்ற விதியைக் கேரள அரசு 2024–25 கல்வியாண்டில் கொண்டுவந்தது. பெறாதவர்க்குத் துணை வகுப்பும் மறுதேர்வும் உண்டு. இதைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டலாம் என்று தோன்றும். நானும் ஒருநாள் வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

சென்ற வாரத் தேர்வில் 20க்கு 12. விடைத்தாளைச் சாப்பாட்டு மேசையின்மேல், சிவப்பு மை தெரியும்படி வைத்திருந்தாள். "எந்தக் கணக்கில் திணறினாய், கண்ணு?" என்று கேட்டேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐந்தாவது கணக்கைக் காட்டினாள்.