கச்சத்தீவு கைக்கு வந்தால் வலை நிறையுமா?

கச்சத்தீவை 1974இல் தாரை வார்த்தோம், அதனால்தான் நம் மீனவர்கள் சிறைப்படுகிறார்கள், அதை மீட்டுவிட்டால் பாக் நீரிணையில் அமைதி திரும்பும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் கட்சி மேடைகளிலும் இந்த வாதம் ஒலிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய அளவிலான பிரச்சாரப் பொருளாகவும் அது ஆனது. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் உள்ள வலி உண்மையானது. படகை இழந்த குடும்பங்களும், கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளும் ராமேஸ்வரத்தில் மட்டுமல்ல, நாகப்பட்டினம், காரைக்கால், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கரை நெடுக இருக்கின்றன. ஆனால் அந்த வலிக்குக் கச்சத்தீவைக் காரணமாகச் சொல்வதும் மருந்தாகச் சொல்வதும் தவறு. தவறான மருந்தைக் கேட்டுக்கொண்டே அரை நூற்றாண்டைக் கழித்ததால், கிடைத்திருக்கக்கூடிய தீர்வுகள் கைநழுவின.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். கச்சத்தீவு சுமார் 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீர் இல்லாத, மனிதர் குடியிருக்காத நிலத்துண்டு. ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே, இலங்கையின் நெடுந்தீவுக்குத் தென்மேற்கே இருக்கிறது. 1974இல் வகுத்த எல்லைக்கோடு அதற்கு ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே செல்கிறது. நாளையே தீவு இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் நெடுந்தீவுக்கும் இடையில் உள்ள கடல் பத்துப் பதினொரு கடல் மைல்தான். இரு கரைகளுக்கும் நடுவே கோடு போடும் வழக்கமான முறைப்படி, எல்லை தீவுக்குக் கிழக்கே ஐந்தாறு கடல் மைல் நகரும். ஒரு விசைப்படகு ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரம் இது. கைதுச் செய்திகளில் அடிக்கடி வரும் பெயர்கள் நெடுந்தீவு, காங்கேசன்துறை, பருத்தித்துறை, தலைமன்னார். நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போகிறவர்கள் பிடிபடும் வடக்குக் கடல், கச்சத்தீவிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே எல்லையைத் தீர்மானிப்பது கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கும் இடையில் உள்ள தூரம். கச்சத்தீவு யாருடையதாக இருந்தாலும் அந்தக் கோடு ஓர் அங்குலமும் நகராது. நெடுந்தீவின் கரையோரம் வரை தேடிப் போகும் இறால், தீவு கைமாறியதும் மேற்கே நீந்தி வரப்போவதும் இல்லை.

மீன்பிடி உரிமையை 1974 ஒப்பந்தம் பறித்தது என்பது அடுத்த வாதம். இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்றன் கடலில் மற்றொன்று மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. கதவை அடைத்தது இரு அரசுகளும் 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்கள்தான். ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அவை சொல்லின. நம் தரப்பின் நியாயமான குறை இங்கேதான் இருக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டுவிட்டது; கடிதம் கைமாறிய நாளில் தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமே இல்லை. கரையோரத்து மக்களின் பிழைப்பைத் தொடும் ஒரு முடிவு, அவர்கள் சார்பில் பேச ஒருவரும் இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்டது. இந்த அநீதியை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது கடிதத்தின் அநீதி. கேட்க வேண்டியது அனுமதி முறையைப் பற்றிய புதிய பேச்சுவார்த்தை. அதே ஆண்டு கையெழுத்தான மற்றோர் ஒப்பந்தத்தில், கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு உறுதியானது என்பதையும், இலங்கைப் படகுகளுக்கு அங்கே மூன்று ஆண்டு அவகாசமே கிடைத்தது என்பதையும் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கத்தைக் கிழித்தெறிந்தால், குமரி மீனவருக்குப் பயன்படும் மற்றப் பக்கம் மட்டும் பத்திரமாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

எல்லாவற்றையும்விட வலுவாக முன்வைக்கப்படுவது பாரம்பரிய உரிமை என்ற வாதம். தலைமுறை தலைமுறையாக இரு கரை மீனவரும் கலந்து தொழில் செய்த கடல் இது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாரம்பரியம் வள்ளத்துக்கும் வலைக்கும் உரியது. கடலின் அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி, விசைப்படகோடு கடந்த நூற்றாண்டின் நடுவில் வந்து, இறால் ஏற்றுமதியின் விலையால் வளர்ந்த தொழில். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். ராமேஸ்வரத்திலிருந்து எல்லைவரை பதினொன்று, பன்னிரண்டு கடல் மைல். அதில் கரையோர மூன்று மைலைத் தமிழ்நாட்டுச் சட்டமே நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. மிஞ்சிய ஒடுங்கிய பட்டையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் பிழைக்க முடியாது. அதனால்தான் அவை எல்லை தாண்டுகின்றன. 1983க்குப் பிறகு, போர்க்காலக் கட்டுப்பாடுகளால் வடக்கு இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த ஆண்டுகளில் அந்தப் பாய்ச்சலை எதிர்க்க ஆளில்லை. 2009க்குப் பிறகு அவர்கள் மீண்டும் கடலில் இறங்கியபோது இரவில் விரித்த வலை காலையில் அறுந்து கிடந்தது. அறுந்த வலைக்குச் சொந்தக்காரர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், மன்னார்த் தமிழர்கள், முல்லைத்தீவுத் தமிழர்கள். 2017இல் இழுவை மடியைத் தடைசெய்யும் சட்டத்திருத்தத்தை இலங்கை நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எம்.ஏ. சுமந்திரன். இதைச் சிங்கள அரசுக்கும் தமிழ் மீனவருக்கும் நடக்கும் சண்டையாக மட்டும் காட்டுகிறவர்கள், எதிர்க்கரையில் நிற்கும் இந்தத் தமிழரைப் பார்க்க மறுக்கிறார்கள்.

ஒப்பந்தம் அரசியல் சட்டப்படி செல்லாது, ஆகவே மீட்க முடியும் என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். இந்திய நிலத்தை வேற்று நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று 1960இல் பேருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. தீவைத் தன் ஜமீனின் பகுதியாக வைத்திருந்த ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் ஆவணங்களும் வலுவானவை. ஆனால் கச்சத்தீவு தீர்மானிக்கப்படாமல் கிடந்த எல்லையில் இருந்தது, எனவே அது கொடுக்கப்பட்ட நிலமே அல்ல என்பதுதான் டெல்லியின் நிலைப்பாடு. ஆட்சிகள் மாறியும் அது மாறவில்லை. 2014இல் அன்றைய அட்டர்னி ஜெனரல், தீவைத் திரும்பப் பெறப் போர்தான் தொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னார். நீதிமன்றம் நாளை நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும் அது கொழும்பைக் கட்டுப்படுத்தாது. தன் உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒரு நாடு எல்லை ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. இந்தியாவுக்கு எல்லைகளை மூடி முடிப்பதில்தான் நன்மை இருந்திருக்கிறது. வங்கதேசத்தோடு 1974 மே மாதம் கையெழுத்திட்ட நில எல்லை ஒப்பந்தம் 41 ஆண்டு கழித்து, 2015இல், நூறாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் நிறைவேறியது. அண்டை நாட்டு எல்லைக்குள் சிக்கிக் கிடந்த 111 இந்திய நிலத்திட்டுகள் வங்கதேசத்துக்கும், 51 வங்கதேசத் திட்டுகள் இந்தியாவுக்கும் போயின. பரப்பைக் கணக்கிட்டால் இந்தியா கொடுத்ததுதான் அதிகம். ஆனாலும் நாடற்றவர்களாக வாழ்ந்த பல்லாயிரம் பேருக்குக் குடியுரிமை கிடைத்தது, எல்லைத் தகராறு ஒன்று ஓய்ந்தது. வங்காள விரிகுடா எல்லையில் 2014இல் நடுவர் மன்றம், தகராறில் இருந்த கடலின் பெரும்பகுதியை வங்கதேசத்துக்குக் கொடுத்தபோதும் இந்தியா ஏற்றுக்கொண்டது.

தீவை நிரந்தரக் குத்தகைக்கு எடுக்கலாமே என்பவர்கள் உண்டு. போரைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் குத்தகையில் கிடைப்பது நிலம். வலை உலர்த்த இடம் கிடைக்கும், இழுக்கக் கடல் கிடைக்காது. அப்படியானால் இலங்கைக் கடற்படை செய்வதெல்லாம் சரியா என்று கேட்பார்கள். சரியல்ல. ஆயுதமில்லாத மீனவரைச் சுடுவதையும், அவர் படகின் மீது ரோந்துக் கப்பலை மோதுவதையும், வாழ்நாள் சேமிப்பான படகை நாட்டுடைமையாக்குவதையும் எந்த எல்லைக்கோடும் நியாயப்படுத்தாது. அதை உறுதியோடு எதிர்க்க வேண்டும். ஆனால் தடைசெய்யப்பட்ட மடியை நம் படகு இழுத்துக்கொண்டிருக்கும்வரை, அந்த எதிர்ப்பின் பாதி வலுவை நாமே கரைத்துவிடுகிறோம்.

பதற்றம் தணியும் வழியை இரு கரை மீனவரும் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். 2010 ஆகஸ்டில் அவர்களே கூடிப் பேசி, ஓராண்டுக்குள் இழுவை மடியைக் கைவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும், இலங்கைக் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளித் தொழில் செய்வது என்று உடன்பட்டார்கள். இரு அரசுகளும் அதற்கு முத்திரை குத்தவில்லை. 2015 பேச்சில் நம்மவர் ஆண்டுக்கு 83 நாள் வீதம் மூன்று ஆண்டு அவகாசம் கேட்டபோது, எதிர்க்கரையினர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். 2017இல் மூன்று ஆண்டுகளில் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். இருந்தும் இலக்கில் மிகச் சிறு பங்கே நிறைவேறியது. இரவு போய்க் காலையில் திரும்பிப் பழகிய மீனவரைப் பல நாள் ஆழ்கடல் தொழிலுக்கு அனுப்ப, பயிற்சியும் குளிர்பதன வசதியும் துறைமுகமும் கடன் சுமையில் தளர்வும் வேண்டும். பழைய படகுக்கு உரிய விலையும் வேண்டும். கடலை விட்டு வெளியேற நினைக்கும் படகுத் தொழிலாளிக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும், ஏனெனில் சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, அவர்தான். இழுவை மடிக்கு இப்படி ஒரு முடிவுத் தேதி சென்னையிலிருந்து வந்தால், நாட்டுப்படகுகளுக்கு உரிமச் சீட்டோடு எல்லை தாண்டித் தொழில் செய்ய அனுமதி கேட்கும் தகுதி டெல்லிக்குக் கிடைக்கும். 1976 கடிதங்களே அனுமதி பெற்று மீன்பிடிக்க இடம் வைத்திருக்கின்றன. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இரு கரையிலிருந்தும் மக்கள் கச்சத்தீவில் கூடுகிறார்கள். உரிமச் சீட்டையும் நாள் கணக்கையும் இரு தரப்பு மீனவச் சங்கங்களும் உட்கார்ந்து பேச, அதே கோயில் வளாகம் போதும்.