ஆடுகளத்திற்கு அப்பால்

கால்பந்தாட்டத்தில் பந்தை உதைப்போரையே உலகம் காண்கிறது. களம் அமைத்து, பொருள் திரட்டி, விதி வகுத்து, வழக்குத் தீர்ப்போரை எவரும் காண்பதில்லை. அப்பணிகள் நெடுங்காலம் ஆர்வலர்தம் ஓய்வுநேரத் தொண்டாகவே நடைபெற்றன. பெரும்பொருள் புழங்கத் தொடங்கியபின் அது போதாதாயிற்று. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகம் விளையாட்டு நிருவாகத்திற்கென ஒரு முதுநிலைப் படிப்பைத் தொடங்கிற்று.

2000ஆம் ஆண்டில் ஃபிஃபா எனும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆதரவுடன் தோன்றிய பன்னாட்டுப் படிப்போ மாணவரை மூன்று நாடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. இங்கிலாந்தின் லெசுடர் நகரில் விளையாட்டின் வரலாறு. இத்தாலியின் மிலான் நகரில் மேலாண்மை. சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் நகரில் சட்டம். வரலாற்றை முதலில் வைத்தமை மிகவும் பொருத்தமே. ஆட்டம் யாருக்காகத் தோன்றியது, எவரெவரை வாயிலில் நிறுத்தியது என்று அறியாதவன் வரவு செலவை மட்டும் கற்று என் செய்வான்?

“படித்தவர் தவறிழையாரோ?” எனச் சிலர் வினவுவர். 2015 மே மாதத்தில் கால்பந்து நிருவாகிகள் எழுவர் ஊழற் குற்றச்சாட்டில் சூரிக் நகரில் கைது செய்யப்பெற்றனர். அப்போது இப்படிப்புக்கு வயது பதினைந்து. வினா முறையானதே. கல்வி எவரையும் நல்லவராக்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் ஒளிபரப்பு உரிமை எவ்வாறு விற்கப்படுகிறது என்பதை ஒருவரே அறிந்திருக்கும் அவையில் அவரைக் கேள்வி கேட்பார் இலர். பதின்மர் அறிந்திருந்தால் கேள்வி எழும்.

இப்படிப்பின் பெருங்குறை வேறு. அதன் கட்டணம் மிகுதி, உதவித்தொகையோ சிலருக்கே. செல்வர் மட்டுமே கற்று வந்தால், சிறு நாடுகளின் கழகங்கள் பழையபடி பிறர் எழுதிய ஒப்பந்தங்களிலேயே கையொப்பமிட்டுக்கொண்டிருக்கும்.