கட்டிலை எண்ணும் முன் எடையைக் கேளுங்கள்

ஆஸ்திரேலிய நெடுஞ்சாலைகளில், கார்கள் சிறு வீடு போன்ற கேரவன்களை இழுத்துச் செல்வது வழக்கமான காட்சி. கூடாரம்போல் மடித்து விரிக்கும் சிறிய வகை முதல் குளியலறையுள்ள பெரிய வகை வரை உண்டு. முகாமுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? பலர் முதலில் கட்டில்களை எண்ணுகிறார்கள். அது தவறு என்பேன். முதலில் கேட்க வேண்டியது எடையைப் பற்றி.

கேரவனின் எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடு காரின் பின்புற இணைப்பின் மேல் அழுந்த வேண்டும் என்பது அங்குள்ள பொதுவான கணக்கு. கனமான பொருள்களைப் பின்பகுதியில் அடுக்கினால், ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து அந்த அழுத்தம் குறையும். பிறகு பலத்த காற்றோ, கடந்து செல்லும் லாரியோ போதும். கேரவன் இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடினால் ஆட்டமும் பெருகி, காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடலாம்.

பெரியதுதான் வேண்டுமா? பிக்கப் வண்டியின் பின் அச்சுக்கு மேல் இணைக்கும் 'ஐந்தாம் சக்கர' வகையைப் பாருங்கள். இணைப்பு அச்சுக்குப் பின்னால் தள்ளி இருந்தால், அந்த இடைவெளி நெம்புகோலாகி வண்டியைத் திருப்பும். இதில் அந்த இடைவெளி இல்லை.

காலிக் கேரவனின் எடையை மட்டும் நம்பாதீர்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ! உங்கள் குடும்பம் கேரவன் எடுத்தால், பொருள்கள் ஏற்றிய பிறகு அதன் எடை எவ்வளவு, அதைக் காரால் இழுக்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.