ஓமகுண்டம் இல்லாத கல்யாணம் பொய்க் கல்யாணமா?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாப் படிங்க. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பொண்ணு கொடுத்த வீடு உங்க தெருவுல ஒண்ணாவது இருக்கும். அந்த வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க.

எங்க ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. அவங்க கல்யாணம் வாலாஜாபாத்துல ஒரு மண்டபத்துல நடந்தது. பெரியப்பா முப்பது வருஷமா இயக்கத்துக்குக் கொடி கட்டினவர். அதனால ஐயர் இல்ல, ஓமம் இல்ல. மூத்த தோழர் ஒருத்தர் தலைமை தாங்கினார். ரெண்டு பேரும் உறுதிமொழி படிச்சாங்க, மாலை மாத்தினாங்க, தாலி கட்டி முடிஞ்சுது. மறு வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவும் பண்ணியாச்சு.

மாமா அமெரிக்கக் குடிமகன். உடனே "பெரிய இடத்து விவகாரம்"னு நினைக்காதீங்க. அவரோட அம்மா நர்ஸ் வேலைக்குப் போனவங்க, அவங்க கூடவே சின்னப் பையனாப் போனவர். இப்போ ஒரு சரக்குக் கிடங்குல ஷிப்ட் வேலை பார்க்கறார். மனைவிக்காக மனு போட்டு, ஒன்றரை வருஷம் காத்திருந்து, ஒருவழியா நேர்காணல் தேதி வந்தது.

அப்போதான் ஏஜென்ட் வந்தார். ஊர் பேர், ஆள் பேர் வேண்டாம். நாற்பதாயிரம் ரூபாய் ஃபீஸ். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துட்டு முதல்ல கேட்ட கேள்வி இதுதான்:

"என்னம்மா, ஐயரையும் காணோம், அக்கினியையும் காணோம்? இதைப் பார்த்தா ஆபீசர் டூப்ளிகேட் கல்யாணம்னுதான் சொல்லுவான். மாப்பிள்ளை லீவுல வரும்போது கோயில்ல வெச்சு இன்னொரு தடவை தாலி கட்டற மாதிரி போட்டோ எடுத்துடுங்க. தேதியை நான் பார்த்துக்கறேன்."

அடுத்த அறிவுரை எங்களுக்கே. "உங்க அப்பா, தம்பி எல்லாம் கட்சிப் போஸ்ட் போடறாங்களாமே? நீங்க லைக் போட்டதெல்லாம் அழிச்சுடுங்க."

பெரியப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. முப்பது வருஷக் கொள்கை, நாற்பதாயிரம் ஃபீஸ் கட்டினா பொய்யாப் போயிடுமா?

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் வந்தது இல்ல. சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு 1953-ல் சொன்னது வெளிநாட்டு ஆபீசர் இல்ல, நம்ம சென்னை உயர் நீதிமன்றம்தான். சடங்கு இல்லைன்னா கல்யாணமே இல்லைன்னு தீர்ப்பு. பிள்ளை குட்டியோட வாழ்ந்துக்கிட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பத்தோட தலைமேல அந்தக் கத்தி தொங்கிச்சு. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்தப்புறம்தான் இந்துத் திருமணச் சட்டத்துல 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில, புரியற மொழியில ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிட்டாப் போதும். மாலை மாத்தினாலும் சரி, மோதிரம் மாத்தினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்தே அந்தச் சட்டம் உயிர் கொடுத்தது. 2023 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைத் தெளிவா உறுதிப்படுத்திடுச்சு.

ஆக, அக்கா கல்யாணம் சட்டப்படி நூற்றுக்கு நூறு கல்யாணம். அதைப் பொய்யாக்க இருந்தது அந்த ஏஜென்ட் எடுக்கச் சொன்ன கோயில் போட்டோதான்! உண்மையான கல்யாணத்துக்குப் போலி ஆதாரம் தயார் பண்றதுதான் இவங்க சொல்ற "இன்டர்வியூ பிரிப்பரேஷன்." அந்தப் பொய் மாட்டினா என்ன ஆகும்? அமெரிக்கச் சட்டத்துல பொய்த் தகவல் கொடுத்தவருக்கு வாழ்நாள் தடை வரைக்கும் போகலாம். பிரிட்டன்ல பத்து வருஷத் தடை வரலாம். ஏஜென்ட்டுக்கு எந்தத் தடையும் கிடையாது. அவர் அடுத்த ஆல்பத்தைப் புரட்டப் போயிடுவார்.

சரி, ஏஜென்ட்டை மட்டும் திட்டிட்டுப் போயிடலாமா? முடியாது. பயம் இருக்கிற இடத்துலதான் அந்தக் கடை ஓடுது. அந்தப் பயத்தை உண்டாக்கினது யாரு?

கொஞ்சம் வரலாறு பாருங்க. 1979 ஜனவரி. லண்டன் ஹீத்ரு விமான நிலையம். கல்யாணம் பண்ணிக்கப் போன 35 வயசு இந்திய ஆசிரியை ஒருத்தர். "நீ ஏற்கெனவே கல்யாணம் ஆனவளா இருப்ப"ன்னு சந்தேகப்பட்டு அவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினாங்க. 'கார்டியன்' பத்திரிகை அம்பலப்படுத்தினப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சது. ஒரே ஒரு சம்பவம்னு நினைச்சோம். 2011-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரெண்டு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் அரசோட பழைய கோப்புகளைத் தோண்டினப்போ, குறைஞ்சது 80 பெண்களுக்கு இந்தக் கொடுமை நடந்தது வெளிய வந்தது. இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்கள்லயும் நடந்திருக்கு.

அதே காலத்துல "முதன்மை நோக்கம்"னு ஒரு விதியும் வெச்சாங்க. இந்தக் கல்யாணத்தோட முதல் நோக்கம் பிரிட்டனுக்குள்ள வர்றது இல்லைன்னு விண்ணப்பிக்கிறவரே நிரூபிக்கணும். இல்லாத ஒண்ணை எப்படி நிரூபிக்கிறது? எத்தனையோ குடும்பங்களைப் பிரிச்ச அந்த விதி 1997-ல் தான் ஒழிஞ்சது. இப்போ அதே வேலையைப் பணம் செய்யுது. துணையை அழைச்சுக்க 2012-ல் ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் வேணும்னாங்க. 2024 ஏப்ரல்ல 29,000 ஆக்கிட்டாங்க. நம்ம காசுல முப்பது லட்சத்துக்கும் மேல. அன்பு இருந்தாப் போதாது, சம்பளச் சீட்டும் இருக்கணும்!

அமெரிக்காவுல நிலைமை என்ன? சாண்ட்ரா முன்யோஸ்னு ஒரு அமெரிக்க வழக்கறிஞர். கணவர் எல் சால்வடார்காரர். 2015-ல் அவருக்கு விசா மறுத்தாங்க. ஒரு சட்டப் பிரிவைக் காட்டினாங்க, காரணத்தைச் சொல்லல. நீதிமன்றத்துக்குப் போய் வருஷக்கணக்கா போராடினப்புறம்தான் உடம்புல இருந்த பச்சைக் குத்தலும் சந்தேகத்துக்கு ஒரு காரணம்னு தெரிஞ்சது. 2024 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3னு தீர்ப்புச் சொல்லிடுச்சு: வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ நாட்டுக்குள்ள கூட்டிவர்றது குடிமக்களோட அடிப்படை உரிமை இல்லையாம்.

2025-ல் இன்னும் இறுக்கினாங்க. செப்டம்பர்ல நேர்காணல் விலக்கைப் பெரும்பாலும் எடுத்துட்டாங்க. டிசம்பர் 15 முதல் எச்-1பி வேலைக்காரங்களும் எச்-4 விசாவுல போற அவங்க மனைவிமாரும் சமூக வலைத்தளக் கணக்கை எல்லாரும் பார்க்கற மாதிரி திறந்து வைக்கணும். அந்த டிசம்பர்ல தேதி வாங்கியிருந்த பலருக்கு நேர்காணல் மாசக்கணக்குல தள்ளிப் போச்சு. லீவுல வந்தவங்க வேலைக்குத் திரும்ப முடியாம இங்கேயே மாட்டிக்கிட்டாங்க.

எங்க ஊர்க்காரனா ஒண்ணு கேக்கறேன். திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. பதினஞ்சு படுக்கை உள்ள ஆதுலர் சாலை, அதுல யார் யாருக்கு என்ன வேலை, எவ்வளவு கூலி, என்னென்ன மருந்து எல்லாம் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. பக்கத்துல உத்திரமேரூர்ல குடவோலைக் கல்வெட்டு. யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாது, கணக்குக் காட்டாதவனுக்கு என்ன கதி, எல்லாம் சுவர்ல இருக்கு. அந்த விதியில ஏழைக்கும் பெண்ணுக்கும் இடமில்ல, அது வேற சண்டை. ஆனா விதி எதுன்னு போற வர்ற எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு, ஒரு பொண்ணைக் கணவன்கிட்ட இருந்து பிரிக்கிறவங்க காரணத்தைத் தெளிவா எழுதிக் கொடுக்கக் கூடாதா?

நம்ம பக்கம் மட்டும் சுத்தமா? புருஷன் கையெழுத்து இல்லாம பொண்டாட்டிக்குப் பாஸ்போர்ட் கிடையாதுன்னு சொன்ன அதிகாரி இந்த நாட்டுலதான் இருந்தார். மனைவி ஒண்ணும் கணவனோட உடைமை இல்லைன்னு 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கட்டிக்கிட்டுப் போய்ப் பாதியில கைவிடற வெளிநாட்டு மாப்பிள்ளைங்களைக் கட்டுப்படுத்தவும், முப்பது நாளுக்குள்ள திருமணத்தைப் பதிவு செய்ய வைக்கவும் ஒன்றிய அரசு 2019 பிப்ரவரியில மாநிலங்களவையில மசோதா கொண்டு வந்தது. 2024-ல் சட்ட ஆணையமும் தன் 287-வது அறிக்கையில விரிவான சட்டம் வேணும்னு சொல்லிடுச்சு. மசோதா இன்னும் சட்டமாகல. மேடையில "வெளிநாடு வாழ் இந்தியர்கள்"னு பெருமை பேசறவங்களுக்கு, அவங்க விட்டுட்டுப் போன மனைவிமார் கண்ணுக்குத் தெரியலையா?

இன்னொண்ணு. ஜெமினி பாலத்துக்குப் பக்கத்துலயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கு. ஆனா குடும்ப அடிப்படையில குடியேறப் போற பெண்களுக்கு நேர்காணல் மும்பையில! எங்க அக்கா பாஷை தெரியாத ஊருக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல போகணும். துணைக்குப் போற அப்பாவுக்கு டிக்கெட், ரூம் வாடகை, நாலு நாள் கூலி. மாப்பிள்ளை வீட்டுச் சீரைவிட இந்தச் செலவுதான் பெரியப்பாவை உறுத்திச்சு.

சரி, அக்கா கதை என்ன ஆச்சு?

கோயில் போட்டோ எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. லைக்கையும் அழிக்கல. விண்ணப்பத்துல அஞ்சு வருஷச் சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேக்கறாங்க, உண்மையான பேரையே எழுதினாங்க. மும்பையில ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி போட்டோவைப் பார்த்துட்டு, "பூசாரி இல்லையா?"ன்னு கேட்டிருக்கார். "எங்க மாநிலத்துல இது சட்டப்படியான திருமணம் சார். இதோ பதிவுச் சான்று"ன்னு நீட்டினாங்க. அவர் தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்.

விசா அன்னைக்குக் கிடைக்கல. நிறுத்தி வெச்சதா ஒரு சீட்டுக் கொடுத்தாங்க. காரணம்? மாமாவோட கிடங்குச் சம்பளம் அவங்க வெச்சிருக்கிற வருமான அளவுக்குப் பத்தல. அவரோட அம்மா கூடுதல் பொறுப்பாளரா கையெழுத்துப் போட்டு, வரிக் கணக்கு அனுப்பி, மூணு மாசத்துல விசா வந்தது. நாற்பதாயிரம் கேட்ட ஏஜென்ட் ஓமகுண்டத்தைத் தேடினாரே தவிர, மாமாவோட வருமானத்தை ஒரு வார்த்தை கேக்கல!

அதனால தோழர்களே, நேர்காணலுக்குத் தயாராகற தங்கச்சி, அக்கா எல்லாருக்கும் எங்க அனுபவத்துல சொல்றோம்:

1. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க. பேர், முன்னெழுத்து, பிறந்த தேதி பாஸ்போர்ட்டோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்.

2. அழைப்பிதழ், மண்டப ரசீது, போட்டோ, கணவர் வந்துபோன பயணச் சீட்டு, பணம் அனுப்பின வங்கிக் கணக்கு, போன் பேசின பதிவு எல்லாத்தையும் தேதி வரிசையில அடுக்குங்க. நாடகப் போட்டோ ஒண்ணு கூட வேண்டாம்.

3. அழைக்கிறவரோட வருமானம் போதுமான்னு முதல்லயே கணக்குப் பாருங்க. பத்தலன்னா கூடுதல் பொறுப்பாளரை முன்கூட்டியே தயார் பண்ணுங்க.

4. பதிலை மனப்பாடம் பண்ணாதீங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. கேள்வி புரியலன்னா மறுபடியும் கேளுங்க, புரியாம தலையாட்டாதீங்க.

5. நீங்க போறது கணவனோட வாழ. உங்க பாஸ்போர்ட், சான்றிதழ், கொஞ்சம் பணம் எப்பவும் உங்க கையில இருக்கட்டும். அது ஏஜென்ட் கைக்கும் போகக் கூடாது, மாமியார் பீரோவுக்கும் போகக் கூடாது.

நம்ம கோரிக்கையும் இதோ. தென்மாநிலப் பெண்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணலைச் சென்னையிலயே நடத்தச் சொல்லி ஒன்றிய வெளியுறவுத் துறை அமெரிக்காவிடம் பேச வேண்டும். 2019 மசோதாவைச் சட்டமாக்க வேண்டும். அயலகத் தமிழர் நல வாரியத்தின் மூலமா ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் வெளிநாடு போகும் மனைவிமாருக்கு இலவச ஆலோசனை மையம் வேண்டும். அப்படி ஒண்ணு காஞ்சிபுரத்துல இருந்தா, இந்த ஏஜென்ட் கடையில கூட்டம் நிக்காது.

அக்கா கிளம்பின அன்னைக்குப் பெரியப்பா அந்தக் கல்யாண போட்டோவை, ஓமகுண்டம் இல்லாத அதே போட்டோவை, ஃபிரேம் போட்டு அவங்க பெட்டியில வெச்சார். "யார் கேட்டாலும் இதையே காட்டும்மா"ன்னார்.

நாங்களும் அதையேதான் சொல்றோம்.

பகிருங்கள் தோழர்களே. உங்க ஊர்ல இப்படி ஏமாந்தவங்க இருந்தா இன்பாக்ஸ்ல எழுதுங்க, பேர் வெளிய வராது.

— தகவல் தொழில்நுட்ப அணி, உத்திரமேரூர்

#சென்னையிலேயே_நேர்காணல்
#சுயமரியாதைத்_திருமணம்_சட்டப்படி_திருமணம்