கத்தி படாத காயம்

கத்தியில்லை, குருதியில்லை, மண்டையோட்டில் துளையுமில்லை. கைநடுக்கத்துக்கான மீயொலிச் சிகிச்சையை மக்களிடம் கொண்டு செல்வோர் முதலில் சொல்பவை இவையே. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் உண்மைகளை மட்டுமே அடுக்கிப் பொய்யான ஒரு தோற்றத்தை எழுப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நடப்பது என்ன? நோயாளியின் தலையை மழித்து, சட்டகத்தில் இறுக்கி, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கிடத்துகின்றனர். தலையைச் சூழ்ந்த கவசத்திலுள்ள 1024 ஒலிமூலங்களின் அலைகள், மூளையின் நடுவேயுள்ள தாலமஸில் ஒரு புள்ளியில் குவிகின்றன. வெப்பம் 55 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அங்குள்ள உயிரணுக்கள் வெந்து மடிகின்றன. மடிந்தவை மீள்வதில்லை. தோலில் கீறல் இல்லை என்பதற்காக இதனை 'ஊடுருவாத சிகிச்சை' என்று அழைப்பது, வாசற்கதவு உடையவில்லை என்பதால் வீட்டுக்குள் ஒன்றும் எரியவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பயனை நாம் மறுக்கவில்லை. 2016இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' வெளியிட்ட ஆய்வில் 56 பேர் உண்மைச் சிகிச்சையும் 20 பேர் பாவனைச் சிகிச்சையும் பெற்றனர். மூன்று திங்களில் முதற்பிரிவினரின் கைநடுக்க அளவு 18.1இலிருந்து 9.6 ஆகக் குறைந்தது. மற்றவர்க்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. பல ஆண்டுகள் தேநீர்க் கோப்பையை ஏந்த இயலாமல் பிறர் முன் கூசியிருந்தவருக்கு இது சிறிய வரமன்று. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் அவ்வாண்டே இதற்கு அனுமதி வழங்கியது.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். 36 விழுக்காட்டினருக்கு நடை தடுமாறியது. 38 விழுக்காட்டினருக்கு மரத்துப்போதலோ ஊசி குத்தும் உணர்வோ தோன்றியது. பலருக்கு இவை மறைந்தன. ஓராண்டு கழிந்தும் முறையே 9 விழுக்காட்டினருக்கும் 14 விழுக்காட்டினருக்கும் நீங்கவில்லை. ஆய்வுக்கு உட்பட்டோரின் சராசரி வயது 71 என்பதை மறவாதிருப்போம். அவ்வயதில் நடை தடுமாறுவது என்றால் விழுவது. விழுவது என்றால் சில வேளைகளில் இடுப்பெலும்பு முறிவது. சிலருக்கு நாவின் சுவையுணர்வு மாறியதும் பதிவாகியுள்ளது.

இவற்றை 'எதிர்பாராத பக்கவிளைவுகள்' என்கின்றனர். யார் எதிர்பாராதவை? குறிவைக்கும் புள்ளிக்குச் சில மில்லிமீட்டர் பின்னே தொடுவுணர்வின் நரம்பணுக்கள் உள்ளன. பக்கத்தே உடலியக்கத்தின் நரம்புப்பாதை செல்கிறது. சுட்ட இடத்தைச் சுற்றி வீக்கம் பரவும் என்பது மருத்துவர் நன்கறிந்தது. பக்கவிளைவு என்ற சொல் இங்கே எழுத்துக்கு எழுத்து மெய்யானது: பக்கத்து வீடு சூடுபட்டதன் விளைவு! எதிர்பாராதிருந்தவர் நோயாளி ஒருவரே; அவரிடம் எவரும் விளங்கச் சொல்லவில்லை.

நிலையாகச் சுடுவதற்கு முன் குறைந்த வெப்பத்தில் சோதித்துப் பார்க்கிறோமே என்பர். நல்ல ஏற்பாடுதான். விழித்திருக்கும் நோயாளியின் பேச்சையும் விரல்களின் உணர்வையும் அப்போது கேட்டறியலாம். ஆனால் தலை இறுகக் கட்டப்பட்டுப் படுத்திருப்பவரை நடந்து காட்டச் சொல்ல முடியுமோ? பெரிதும் பாதிக்கப்படும் செயல்களுள் ஒன்று அச்சோதனைக்கு எட்டாமலே நிற்கிறது. விளம்பரப் படங்களும் அப்படியே. சிகிச்சைக்கு முன் கோணல் மாணலாக வரைந்த சுருள்வட்டம், பின் சீராக வரைந்த சுருள்வட்டம். நிழற்படக் கருவி கையைப் பார்க்கிறது, காலைப் பார்ப்பதில்லை.

மூளைக்குள் மின்முனை பதிக்கும் முறைக்கு மண்டையோட்டில் துளையிட வேண்டும். அதற்கும் இரத்தக்கசிவு, தொற்று ஆகிய இடர்கள் உண்டு. எனினும் மின்னோட்டத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். சுட்ட புண்ணை நிறுத்த இயலாது. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டாமல் பெறப்படும் கையொப்பத்தைச் சம்மதம் என்று ஏற்க நமக்கு மனமில்லை.

2022இல் மறுபக்க மூளைக்கும், குறைந்தது 9 திங்கள் இடைவெளியில், அமெரிக்க அனுமதி கிடைத்தது. இரு பக்கமும் சுட்டால் பேச்சு குழறும், விழுங்குதல் கெடும் என்பது ஊசிமுனையால் தாலமஸைச் சுட்ட பழைய தலைமுறை மருத்துவர் கண்டறிந்து அஞ்சிய செய்தி. ஆகவே இரண்டாம் முறை வருபவரை முதலில் மருத்துவர் முன் நடக்கச் செய்யட்டும், உரக்கப் படிக்கச் செய்யட்டும், ஒரு குவளை நீரைப் பருகச் செய்யட்டும். அதன் பிறகு கையொப்பத்தாளை நீட்டட்டும்.