மழைமானி யார் கையில்?

சின்னக்கானலில் எட்டாம் வகுப்புக்குத் தமிழில் அறிவியல் நடத்துகிறேன். தெரிந்த விஞ்ஞானிகளைச் சொல்லுங்கள் என்றால் நியூட்டன், ஐன்ஸ்டீன், அப்துல் கலாம் என்று வரும். கலாம் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு சொந்தம் தெரியும். பெண்களில் மேரி கியூரியோடு நின்றுவிடும். இதே இடுக்கி மாவட்டத்துப் பீருமேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணியை எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை.

இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றவர் அவர். சுதந்திரம் வந்த புதிதில் வானிலைக் கருவிகளுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தோம். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைச் சீர்செய்து, அவற்றை இங்கேயே செய்ய வழி பண்ணினார். எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளக்க நாடெங்கும் நிலையங்கள் அமைத்தார்.

விழா மேடையில் இதோடு கைதட்டி முடித்துவிடுவார்கள். வகுப்பில் மிச்சத்தையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதியவர் அன்னா மணி. எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதற்காக நாமும் அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்பா பொறியாளர், ஏலத்தோட்டக்காரர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று மகள் கேட்டார், கிடைத்தது. இதைச் சொன்னதும் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "அப்போ அவங்க முதலாளி வீட்டுப் பொண்ணுதானே டீச்சர்?" என்றாள். அவளுடைய அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் சுவரில் எத்தனை படம் மாட்டினாலும் பயனில்லை.

அதனால் ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும் வீடுகளில் இந்த ரகத்தைத் தெரியாதவர் கிடையாது. அது கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தந்தது. நல்ல செடியைக் கண்டுபிடித்து, பக்கம் பிரித்து நட்டு, மற்றதோடு ஒப்பிட்டு, மறுபடி நட்டுப் பெருக்கினார். ஆய்வுக்கூடம் செய்கிற வேலைதான். (அவருக்கும் நிலம் இருந்ததே என்று அந்தப் பெண் கேட்டுவிடுவாளோ என்று உள்ளூர ஒரு பயம்.)

2023 ஏப்ரல் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் கொஞ்ச நாள் அதே பேச்சு. வழக்கமாகக் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் முதுவான் பழங்குடிப் பையன் அப்போது பேசத் தொடங்கினான். பிண்டத்தைப் பார்த்து யானை எப்போது போனது என்று எப்படிச் சொல்வார்கள், தடம் எந்தப் பக்கம் அழுந்தும் என்றெல்லாம் விளக்கினான். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும் என்று நான் சொன்னேன். கயிறு கொண்டு அளப்பது எப்படி என்று அவன் காட்டினான். அவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தந்த அப்பா பாடநூலில் வராத ஆள். அன்றைக்கு வகுப்பு முழுவதும் அவரைப் பற்றித்தான் விசாரித்தது.

கேரள அரசு தமிழில் பாடநூல் அச்சிட்டுத் தருகிறது, அது பெரிய விஷயம். பிள்ளைகளும் தாங்களே அளந்து பார்க்க நான் கேட்பது கூடுதலாக ஒன்றுதான்: மலையில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மழைமானி. தினமும் காலையில் பிள்ளைகள் முறைவைத்து அளந்து, பேரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லயத்துப் பிள்ளைக்கும் முதுவான் குடிப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவனே வருஷம் முழுக்க எழுதக் கூடாது. போடிநாயக்கனூரில் ஒரு பள்ளியும் அதே நாளில் அளந்தால் இன்னும் நல்லது. தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டும்போது மலைக்கு அந்தப் பக்கம் மழைமறைவு. போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏலக்காட்டு வேலைக்கு வரும் பெண்கள் அந்த வித்தியாசத்தை நனைந்தே அறிந்தவர்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதை அவர்களுக்கு அவர்களுடைய மகள்கள் சொல்லட்டும்.

ஜூனில் பள்ளியும் மழையும் சேர்ந்தே தொடங்கும். கல்வித் துறை மழைமானிகளை மே மாதத்துக்குள் அனுப்பிவைத்தால் போதும்.